அவர் உட்கார ஒரு தோல் நாற்காலி

என் கணவர் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோதுதான், அவர் உட்காரத் தோதான இடம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை என்பது தெரிந்தது. மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. கூடத்தில் கிடந்த சோபா தாழ்வானது, உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிடும். அதிலிருந்து அவரை எழுப்ப நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அப்போது அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் என் காதருகே கேட்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரத்திலேயே கால் மரத்துப்போகும். அதனால் நின்றுகொண்டே சாப்பிட்டார், மற்ற நேரமெல்லாம் படுத்துக் கிடந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி, உட்கார்ந்தே பிழைத்த மனிதர் அவர். யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்.

இருக்கை உயரமாக, அழுத்தமாக இருக்க வேண்டும், கை ஊன்றி எழ இரண்டு பக்கமும் பிடிமானம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கடை கடையாகப் பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தன, எல்லாம் தாழ்வாக இருந்தன. ஒரே ஒரு நாற்காலி உயரத்தில் சரியாக இருந்தது, ஆனால் ரெக்சின் போர்த்தியது. எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ரெக்சின் சீக்கிரமே செதில் செதிலாக உரிந்து தொடையில் ஒட்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். நாமே செய்தால் என்ன?

பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்து, அப்போதுதான் வேலையிலிருந்து நின்றிருந்தேன். பூதக்கண்ணாடி வழியே முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்த கை என்னுடையது, நடுங்காது. ஆனால் ரம்பம் பிடித்ததில்லை. போனில் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பலகைக் கடையில் மெராந்தி மரக்கட்டையை நான் சொன்ன அளவுக்கு வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். அளவு எடுக்க அவரைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை நாடாவைப் பிடித்தேன். தோளுக்கும் பிடித்தேன்.

“சவப்பெட்டிக்கு அளவு எடுக்கிற மாதிரி இருக்கு,” என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோல் வாங்கப் பக்கத்திலிருந்த கெரெத்தா சீட், அதாவது கார் சீட், தைக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மிச்சத் தோலை விரித்துக் காட்டினார். காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் பூச்சி கடித்த தழும்புகள். மாட்டுத் தோல்தான், பரவாயில்லையா என்று தயங்கிக் கேட்டார். இத்தனை வருடம் வேலைக்குக் காலில் போட்டுக்கொண்டு போன சப்பாத்தும் அதுதானே என்று வாங்கிவிட்டேன். சுருட்டிக் கட்டிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

“துணி மாதிரி நெனச்சிடாதீங்கக்கா. துணியில ஊசி குத்துன ஓட்டை மறைஞ்சிடும். இதுல மறையாது. யோசிச்சுக் குத்துங்க.”

சட்டகம் நான் பயந்ததைவிட எளிதாக வந்தது. கட்டைகளைப் பசை போட்டுத் திருகாணி முடுக்கினேன், இருக்கைக்கு அடியில் ரப்பர் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஆணியடித்தேன், மேலே கெட்டியான ஸ்பொஞ்ச். கூடத்தின் ஒரு ஓரத்தில் போட்ட கட்டிலில் அவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

தோல் வெட்டும் நாளில்தான் தப்பு நடந்தது. கைப்பிடிக்கு வெளிப்பக்கம் போர்த்த இரண்டு துண்டுகள் வேண்டும். முன்னால் உயர்ந்து பின்னால் சரியும் வடிவம். அட்டை மாதிரியை வைத்து ஒன்றை வரைந்தேன், அப்படியே நகர்த்தி இன்னொன்றையும் வரைந்து வெட்டிவிட்டேன். அட்டையைத் திருப்பிப் போட மறந்துபோனேன். இரண்டும் வலப்பக்கத்துக்கே பொருந்தின. இடப்பக்கம் வைக்க வேண்டுமானால் சொரசொரப்பான உள்பக்கம்தான் வெளியே தெரியும். மிச்சத் தோலில் அந்த அளவுக்குப் பெரிய துண்டு கிடையாது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அழாத அழுகையெல்லாம் அந்தத் துண்டுத் தோலுக்காக வந்தது.

அவர் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினார்.

“நாக்காலிய எங்க போடப் போற?”

ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில் என்றேன்.

“அப்ப இடது பக்கம் சுவருதானே லா. சொரசொரப்பு சுவத்தப் பாத்து இருக்கட்டும். யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா?”

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். பேசியதோடு நிற்கவில்லை, தைக்கிறதை என்னிடம் கொடு என்றார். என் தையல் மிஷினில் அந்தத் தோலுக்கு ஊசி உடைந்திருந்தது. கையால்தான் தைக்க வேண்டும். நான் குத்தூசியால் வரிசையாக ஓட்டை போட்டு நீட்டுவேன். அவர் மல்லாந்து படுத்தபடியே, தோலை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்து, மெழுகு தடவிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட்டு இழுப்பார். முதலில் தையல் கோணியது. பிரித்துத் தைத்தார். பிறகு என்னைவிட நேராக வந்தது. காலையில் நான் கஞ்சி வைப்பதற்குள் “ஓட்டை போட்டாச்சா?” என்று குரல் வரும்.

கடைசியாகத் தோலை இழுத்துச் சட்டகத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மலாய்க்காரர். பல நாளாக அவர் தலைக்கு மேல் சுத்தியல் சத்தம். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டபடியே நான் நாற்காலியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். நல்ல பருமனான மனிதர். படுத்திருந்த என் கணவர் மலாயில் அவரிடம், முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், உங்களைத் தாங்கினால் என்னைத் தாங்கும் என்றார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மெல்ல உட்கார்ந்தார், அசைந்தார், பிறகு தொப்பென்றும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். கட்டை முனகக்கூட இல்லை.

“தாஹான்,” என்றார், கைப்பிடியைத் தட்டி. தாங்கும்.

அவர் போன பிறகு என் கணவர் சுவரைப் பிடித்து எழுந்து வந்தார். நான் பக்கத்தில் போனதும் தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு கைப்பிடியையும் பற்றி, கால்களின் பின்பக்கம் தோல் படும்வரை நகர்ந்து, உட்கார்ந்தார். பல்லைக் கடிக்கவில்லை. சற்று நேரம் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றித் தானாகவே எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“காலு தரையில படுது,” என்றார், பெரிய செய்தி சொல்வதுபோல. “மரத்துப் போகல.”

நான் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறுநாள் காலை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனேன். அதுவரை ஓட்டமும் நடையுமாகப் போய், கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். அன்று அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். தானே எழுந்து கோப்பி கலக்கிக் குடித்துவிட்டதாகவும், பேப்பர் படிப்பதாகவும், அவசரமில்லை என்றும் சொன்னார். ஒரு லக்சா கடையில் உட்கார்ந்தேன். புளிப்பும் மீன் வாசமுமாக ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப் வந்தது. கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தேன். வீட்டுப் பக்கம் போகும் பஸ் ஒன்று என்னைக் கடந்து போனது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.