தாத்தாவின் இன்ஜின் கைப்பிடி

இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பெரிய மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு நீராவி இன்ஜின் துடைக்கிறார்கள். சம்பளம் கிடையாது. துடைத்து முடித்ததும் அதே ரயிலில் ஐந்து மைல் போய், தேநீர் குடித்துவிட்டு, அதே ஐந்து மைல் திரும்பி வருகிறார்கள். மூடிப்போன கிளைப் பாதைகளில் புல் முளைத்திருப்பதைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். இங்கே பர்மாவில், எங்கள் இன்சீனில் மின்சாரம் இருக்கும் நேரங்களில் இந்தக் காணொளிகளைப் பார்ப்பேன். இதுவரை நாற்பத்தொன்று. தேதியும் நீளமும் குறித்து வைத்திருக்கிறேன்.

தினமும் நகரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் வேலைக்குப் போகிறவனுக்கு ரயில் என்றால், ஜன்னல் வழியாக உள்ளே விழும் கீரைக் கட்டும், அதைத் தேடிப் பின்னாலேயே ஏறும் கீரைக்காரியும்தான். இருந்தும் எனக்கும் கண் கலங்கியது. எங்கள் வீட்டிலும் ஒரு நீராவி இன்ஜின் உண்டு. முழுதாக இல்லை, கைப்பிடி மட்டும்.

தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் இன்ஜின் டிரைவர். எங்கள் தெருவுக்குப் பின்னால், இப்போது வாழை நிற்கும் மேட்டில், ஒரு கிளைப் பாதை இருந்தது. கடைசி ரயிலை ஓட்டிவிட்டு இறங்கும்போது அந்தக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அப்பா அப்படித்தான் சொன்னார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்த இரும்பை எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு நேர் கீழே வைப்போம். என் மடிக்கணினி அதற்கு இடப்பக்கம். மாடியில் குடியிருக்கும் அக்காவின் தையல் மெஷின் தரையில்.

இந்த ஆண்டு கோயில் மலருக்கு இதையெல்லாம் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். மேட்டை நடந்து அளந்தேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு காலடி. கிளைப் பாதைக்கு இது கொஞ்சம் குட்டை என்று தோன்றியது. தோன்றியதைக் குறித்துக்கொள்ளவில்லை. மலர் தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் போகும். அக்காவின் கணவர், என் அத்தானும் படிப்பார். அவருடைய தாத்தா டிக்கெட் கிளார்க். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த ஒரு விஷயத்தில்தான் நான் அவரைவிட உயரம்.

கட்டுரை கச்சிதமாக இருக்கட்டும் என்று, காணொளிகளில் வரும் ஓர் ஆங்கிலேயருக்குக் கைப்பிடியின் படத்தை அனுப்பி, எந்த வகை இன்ஜின் என்று கேட்டேன். இரண்டாம் நாள் நான்கு பக்கப் பதில் வந்தது, பழைய வரைபடத்தின் நகலோடு. எங்கள் மேடு அதில் தெளிவாக இருந்தது. நகரசபைக் குப்பை வண்டிகள் ஓடிய தண்டவாளப் பாதை. படத்திலிருப்பது இன்ஜின் பாகமே இல்லையாம். குப்பை வண்டியின் பக்கக் கதவை நெம்பித் திறக்கும் கடப்பாறையாம். தாத்தா ரயிலை ஓட்டவில்லை. கொட்டியிருக்கிறார்.

அந்த மனிதருக்கோ ஒரே குதூகலம். இன்ஜின் கைப்பிடி எந்த அருங்காட்சியகத்திலும் கிடக்கிறது, இதைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை, தயவுசெய்து சரியான அளவுகளை அனுப்பவும் என்று எழுதியிருந்தார். குப்பை வண்டிக்கும் ஏங்குவதற்கு உலகத்தில் ஆள் இருக்கிறது.

மறுநாள் காலை மலர் அச்சுக்குப் போகிறது. மாடிக்கு ஏறி அக்காவிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏன்டா, ஒனக்கு இப்பத்தான் தெரியுமா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"அப்பா சொல்லிருக்காரு. ஒன்கிட்ட சொன்னா நோட்டுல எழுதி நாலு பேருக்குப் படிச்சுக் காட்டுவன்னு மறைச்சுட்டாரு."

"அத்தானுக்கு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நீ டிரைவர் பேரன்னு அளக்கும்போதெல்லாம் அந்த மனுசன் எந்திரிச்சு லபெயே குடிக்க டீக்கடைக்குப் போவாரே, எதுக்குன்னு நெனச்ச? சிரிக்கத்தான்."

கீழே வந்து நாட்குறிப்புகளைப் புரட்டினேன். ஐந்து இடங்களில் இருந்தது: 'அத்தான் பேச்சின் நடுவே எழுந்து போனார். வயிறு சரியில்லை போலும்.'

மறுபடி மாடிக்குப் போனேன். "அப்ப இந்த வருசம் அத பூஜையில வைக்கிறதா, வேணாமா?"

அக்கா இப்போதுதான் மெஷினை நிறுத்தினாள். "ஏன் வைக்காம? தாத்தா பொழச்சது அதுலதான? டிரைவர் ஒரு வாரம் வரலேன்னா ஊரு நடந்து போயிருக்கும். குப்பக்காரன் ஒரு வாரம் வரலேன்னா வெள்ளக்காரன் அப்பவே கப்பலேறிருப்பான்."

கோயில் செயலாளருக்குப் போன் செய்து, டிரைவர் என்று வரும் ஏழு இடங்களையும் மாற்றச் சொன்னேன்.

"ஐயோ சார், பக்கமெல்லாம் ரெடி. 'சுகாதார ரயில்'னு போட்ருவோமா? கொஞ்சம் மங்களகரமா இருக்கும்."

"குப்பை வண்டின்னே போடுங்க."

"சார், இது பூஜை மலரு..."

"நாங்க அத பூஜையிலதான் வச்சிருக்கோம்."

ஆயுத பூஜையன்று அக்காவே இரும்பைத் துடைத்துச் சந்தனம் வைத்தாள். வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு. அத்தான் மலரை மடித்து அக்குளில் வைத்தபடி இறங்கி வந்தார். "என்ன டிரைவர் பேரனே, இந்தத் தடவ வண்டி எங்க போகுது?" என்றார். மேட்டிலிருந்து தொடங்கி, முழுக்கதையையும் சொன்னேன். அவர் நடுவில் எழுந்து போகவில்லை. இருந்த இடத்திலேயே சிரித்தார்.

அன்று மாலை ஆங்கிலேயருக்கு எழுதினேன்: நீளம் இரண்டு அடி ஏழரை அங்குலம். எடை இரண்டு வீசை, சந்தனம் நீங்கலாக.