தண்ணீர் வசனம்

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு எவர்சில்வர் தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அட்டையில் இருக்கும் வேத வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். ஜாதகம் பார்க்காதே, சகுனம் பார்க்காதே என்று வருஷம் பூராவும் பிரசங்கம் கேட்கிற நாங்கள், அன்றைக்கு மட்டும் அடுத்தவர் அட்டையை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். என் கணவர் இதைக் கிளி ஜோசியம் என்பார். கிளிக்காவது நெல் கிடைக்கிறது, நமக்கு ஒரு துண்டு கேக்தான் என்பார். சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கை நீட்டுவதும் அவர்தான்.

அவர் கடைசியாக எடுத்த அட்டையில் நீண்ட ஆயுளைப் பற்றிய வசனம் இருந்தது. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். "பாத்துக்க, இன்னும் ரொம்ப வருஷத்துக்கு என்னை வச்சிக்கினு நீ கஷ்டப்படணும்" என்று சிரித்தார். அந்த வருஷம் ஆடி மாதத்தில், செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சு கனமாக இருக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்த அன்றே அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். ஆறுதல் சொல்ல வந்த பாஸ்டரிடம், "ஆண்டவர் பொய் சொல்லுவாரா?" என்று நேராகவே கேட்டேன். அவர், "எனக்குத் தெரியல சிஸ்டர்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்காருவேன். வாயைத் திறக்க மாட்டேன். பாடாத எனக்கும் சேர்த்து மற்றவர்கள் பாடினார்கள். ஆராதனை முடிந்தால் யாராவது ஒருத்தி என் கூடவே வீட்டுக்கு வந்து, சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தைக் கேட்காமலே தேய்த்துவிட்டுப் போவாள். கோபம் இருந்தது. ஆனாலும் அந்த நாட்களில் எனக்கு வேறு போக்கிடம் இல்லை, அங்கே உட்கார்ந்தால்தான் மூச்சு சீராக வந்தது.

அடுத்த வருஷப் பிறப்பில் தட்டு வந்தபோது நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பாஸ்டரம்மா விடவில்லை. "உங்களுக்காக ஜெபிச்சு நானே எடுத்தேன் சிஸ்டர்" என்று ஒரு அட்டையை என் பைபிளுக்குள் செருகினார். தண்ணீரைக் கடக்கும்போது நான் உன்கூட இருப்பேன் என்கிற பொருளில் வரும் ஏசாயா வசனம். பக்கத்தில் இருந்தவர்கள் எவ்வளவு அருமையான வசனம் என்றார்கள். நான் பைபிளைப் பட்டென்று மூடினேன்.

கடலூர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சுனாமியைப் பார்த்துவிட்டோம், புயலைப் பார்த்துவிட்டோம், படுக்கை வரைக்கும் ஏறிய வெள்ளத்தையும் பார்த்துவிட்டோம். வழியில் பார்க்கிற ஒருவர் குடை எடுத்துக்கொண்டு போ என்றால், மழை வரப்போகிறது என்றுதானே அர்த்தம்? தண்ணீர் வராத இடத்தில் எதற்காக இந்த வாக்கு? நீண்ட ஆயுள் என்று வந்ததே அப்படித் திரும்பிவிட்டது. இது என்ன செய்யுமோ?

எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே மகள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். எங்கள் வீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் பரவனாறும் வெள்ளாறும் ஓடின. சனிக்கிழமை பஸ் ஏறினால், வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் போன் பண்ண வேண்டும் என்று கட்டளை போட்டேன். "ஆத்துல மணல்தாம்மா கெடக்குது. ஆடு மேயுது" என்று சித்திரை வெயிலில் கத்தினாள். ஆடு மேய்கிற இடத்தில்தான் நாளைக்குத் தண்ணீர் வரும் என்று நான் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்தது, பிறகு விடாமல் பெய்தது. ஈரக் காற்று தெற்கிலிருந்து திரும்பும்போதெல்லாம் கம்பெனிகளின் நெடி வீட்டுக்குள் வந்து துணிமணியில் ஏறியது. அவர் சட்டையில் வரும் அதே நெடி. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். நான் மகளுக்குப் போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"நாளான்னைக்குப் பரீட்சைம்மா. விட்டா ஒரு வருஷம் போயிடும்."

"தள்ளி வெப்பாங்க."

"வெக்கலன்னா?"

போனை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஒரு வருஷம் போனால் போகட்டும், பிள்ளை இருந்தால் போதும் என்பதுதான் என் கணக்கு.

பஸ் செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி நின்றது. ரோட்டைக் கடந்து வெள்ளம் ஓடியது. வயல் எது, ரோடு எது என்று தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் படிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் போனது, காலுக்குக் கீழே தகரத்தில் அது மோதும் சத்தம் கேட்டது.

பக்கத்து சீட்டில் இருந்த பெண் சிதம்பரம் கோயிலை ஒட்டிய தெருவில் குடியிருப்பவள். "நடராஜா, நடராஜா" என்று முணுமுணுத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். நான் இயேசப்பா என்றேன். அது காதில் விழுந்ததும், "விடாம கூப்புடுங்கக்கா. யாராச்சும் ஒருத்தராவது வரட்டும்" என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு ஆண்கள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் குச்சியால் ரோட்டின் ஓரத்தைத் தட்டிக் காட்டியபடி முன்னால் நடந்தார்கள். பஸ் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது. எனக்கு ஜெபம் வரவில்லை. "இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டேன். என் கணவர் போன நாளிலிருந்து நான் ஆண்டவரிடம் சண்டை போடாமல் கேட்ட முதல் கேள்வி அது. பதில் எதுவும் காதில் விழவில்லை. ஆனால் உள்ளே எங்கேயோ தனியாக இல்லை என்று தோன்றியது. இதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது.

ஹாஸ்டல் வாசலில் மகள் புத்தகத்தோடு நின்றாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தண்ணீரில் நடந்து வந்ததில் என் புடவை முழங்கால் வரை சேறாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தத் தண்ணியில நீ வந்தியா? உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா எனக்கு யாரும்மா இருக்கா?"

"அதான் வந்தேன். கெளம்பு. வீட்டுல பத்திரமா இருக்கலாம்."

அவள் குனிந்து என் புடவையின் கீழ்க்கரையைப் பிழிந்துவிட்டாள். பிறகு, "அப்பா தண்ணியில போவலம்மா. நம்ம வீட்டுல, நம்ம கட்டில்ல, நீ பக்கத்துல இருக்கச்சதான் போனாரு" என்றாள்.

செருப்பால் அடித்தது போல இருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வருஷம் பூராவும் அந்த வசனத்தில் தண்ணீரைத்தான் படித்தேன். கூட இருப்பேன் என்பதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன். அது என் வாயால் கொடுக்கக்கூடிய வாக்கே இல்லை. வேறு ஒருவர் கொடுத்தது. அவரை நம்பி இவளை விட முடியுமா, முடியாதா என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி. நம்புகிறேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனாலும் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். "பரீட்சைய ஒழுங்கா எழுது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி ஒன்றுதான் நின்றது. அதற்குப் பிறகு வண்டி விடமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளாற்றில் தண்ணீர் ஜாஸ்தியாகிவிட்டதாம். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "எத்தன டிக்கெட்டும்மா?" என்றார்.

"ஒண்ணு" என்றேன். என் கணவர் போன பிறகு அந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொன்னது அன்றைக்குத்தான். மழை இன்னும் வலுத்தது. பஸ் கிளம்பியது.