சும்மா நின்றவனுக்குக் கப்

கிருஷிகன் முதுகலைப் படிப்பை முடிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், சிறந்த கோல்கீப்பருக்கான கப். ஒஸ்லோ கல்லூரிகளுக்கிடையே ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் எங்கள் கால்பந்து லீக்கில் மாணவர்கள் மட்டுமே ஆடலாம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் அவன் மாணவன் இல்லை. மாணவன் இல்லையென்றால் கப்பும் இல்லை. ஆகவே ஆய்வேடு மூன்று வருடமாகக் கடைசி அத்தியாயத்திலேயே நின்றது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கிய அன்றே லேமினேட் செய்து, ஒஸ்லோ வரை பெட்டியில் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருக்கிறேன். கைக்கெட்டிய பட்டத்தைத் தள்ளிவைக்கிற ஒருவனை இங்கே ரொம்மன் பகுதியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவன் வீட்டுக்குப் போனால் அவன் அம்மா ஜெயகுமாரி என்னைத்தான் பிடித்துக்கொள்வார். ஆய்வேட்டுக்கு அவர்கள் வாயில் நோர்வே மொழியில் ‘ஒப்காவ’ என்றே பெயர்.

“தம்பி, நீங்களாவது சொல்லுங்கோ. உவன் ஒப்காவ குடுக்கிறானில்லை. பந்து பிடிச்சே கிழவனாகப் போறான்.”

“நான் சொன்னா எங்க ஆன்ட்டி கேக்குறான்?”

“கப் வரட்டும் அம்மா, அடுத்த நாளே குடுக்கிறன்,” என்பான் அவன்.

கப் வராததற்கு நானும் ஒரு காரணம். டிஃபென்ஸில் நின்றவன் நான். என்னைத் தாண்டிப் போகாத ஆள் லீக்கில் இல்லை. போன வருடம் மட்டும் அவன் நூற்றுப்பத்துப் பந்துகளைத் தடுத்தான். இரண்டு விரல்கள் வீங்கின. நாங்கள் கடைசி இடம். அணித்தலைவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் கப் கொடுப்பார்கள். அவர்கள் கண் புள்ளிப்பட்டியலின் முதல் வரிக்குக் கீழே இறங்காது. முதலிடம் வந்த அணியின் கோல்கீப்பருக்கே கப் போனது.

“நான் இல்லன்னா உனக்கு நூத்திப்பத்துப் பந்து வந்திருக்குமாடா?” என்றேன்.

“ஓம் மச்சான், பெரிய உபகாரம்,” என்று வீங்கிய விரலைக் காட்டினான்.

இந்த வருடம் என் இடத்துக்குக் கரோலினா வந்தாள். நான் பெஞ்சுக்குப் போனேன். அவளைத் தாண்டிப் பந்து போவதே அபூர்வம். கிருஷிகன் குளிருக்காகக் கோல் கம்பத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். சீசன் முழுக்கப் பதினொரு பந்துதான் தடுத்தான். நாங்கள் முதலிடம். கப் அவனுக்கு.

மேடையிலிருந்து இறங்கியவன் எங்களிடம் வரவில்லை. கடைசி இடம் வந்த அணியின் கோல்கீப்பர் சுரேனிடம் நேரே போனான். சுரேனின் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

“இது உன்ரை கப். இந்தா.”

சுரேன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “கப் வேண்டாம் அண்ணை. கரோலினாவைத் தாங்கோ.”

“அவளைத் தரமாட்டம். வேணுமெண்டா இவனைக் கொண்டு போ,” என்று என்னைக் காட்டினான்.

“ஐயோ, எனக்கு இடது கையாவது மிஞ்சட்டும்!”

வீட்டில் அம்மா காத்திருந்தார். “கப் வந்திட்டுது. நாளைக்கு ஒப்காவ.”

“இது நான் எடுத்த கப் இல்லை அம்மா. கரோலினா எடுத்துத் தந்தது. இன்னும் ஒரு வருஷம்…”

“பேர் உன்ரைதானே அடிச்சிருக்கு? போய் எழுது.”

அடுத்த நாளே என்று சொன்ன வாக்குப் பத்து நாள் பிசகியது, ஆனால் கொடுத்துவிட்டான். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அம்மாவுக்கு அடுத்து கரோலினா. கடைசியில் நான், ‘நூற்றுப்பத்துப் பந்துகளுக்காக’.

அந்தப் பக்கத்தையும் லேமினேட் செய்து என் பட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.