கிளட்ச்சில் துரு இல்லை

முதலில் அசைந்தது வண்டியின் ஆக்சிலேட்டர் கம்பிதான். நாலாம் நாள் காலையில், ஒரு விரல் அளவுக்கு, கிறீச் என்று ஒரு சத்தம். நான் போட்ட கூச்சலில் வேப்ப மரத்துக் காக்காய் எல்லாம் எழுந்து பறந்தது. பக்கத்து வீட்டுக்காரி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"என்ன மைனி, பாம்பா?"

"பாம்பில்ல. கம்பி நவுருது, வந்து பாரு!"

"அடப்பாவமே, இதுக்கா? என் தோசை கருகிட்டு மைனி!"

அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அண்ணியை மைனி என்பவள். வீட்டுக்காரருக்குப் பர்மனென்ட் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவள். முப்பது வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் அவள் பேச்சு மாறவில்லை. என் பேச்சும்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இது அவள் அப்பாவை, என் மகனைப் பற்றியது. அதனால் நடுவில் நிறுத்தி, "ஆயா, இதையும் எழுதணுமா?" என்று கேட்கிறாள். எழுதுடி என்கிறேன்.

வண்டி என்று நான் சொல்வது எங்கள் சின்ன டிராக்டர். டவுன்ஷிப் தோட்டத்தில் புல் வெட்டவும் குப்பை இழுக்கவும் இருந்த வண்டி. என் வீட்டுக்காரர் அதற்கு டிரைவர், நான் அதே தோட்டத்தில் கான்ட்ராக்டில் களை எடுத்தவள். பழசாகிவிட்டது என்று கழித்துவிட்டபோது அவரே வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் என்னை ஏற்றி உட்கார வைப்பார். அவர் ஓட்டினால் நத்தை முந்திப் போகும். நான் ஓட்டினால் அவர் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சாமி பேரையெல்லாம் சொல்வார். அவர் போன பிறகும் நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிலக்கரி மைன்ஸுக்கு நிலம் எடுத்தது போக எங்களுக்கு மிஞ்சியது முப்பது சென்ட். அதை நானே உழுது வருஷா வருஷம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மழையில், வாய்க்கால் கரையில் வண்டியோடு சாய்ந்துவிட்டேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு அதுகூட இல்லை. மகன் வந்து நிமிர்த்திக் கொண்டுபோய்க் கொட்டகையில் நிறுத்தினான். அவன் மைன்ஸில் கான்ட்ராக்ட் வெல்டர். அடுத்த மாதம் நான் குள்ளஞ்சாவடியில் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன். வந்ததும், "கிளட்ச் ஜாம் ஆயிடுச்சும்மா" என்றான். மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தப்பு எங்களுடையது என்று நினைத்தேன். எங்கள் தெருவில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் வந்து விழும். துணி காயப்போட்டால் உதறித்தான் எடுக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நானும் அவரும் வண்டிக்குக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவோம். அப்புறம் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அந்தத் தண்ணீரில் சாம்பல் கரைந்து கம்பி மூட்டுக்குள் எல்லாம் இறங்கி சிமெண்ட் மாதிரி இறுகும் என்று யாருக்குத் தெரியும்? கும்பிட்டுக் கும்பிட்டே கெடுத்துவிட்டோமே என்று அவர் படத்துக்கு முன்னால் நின்று ஒரு நாள் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

இரண்டு வருஷம் வாடகை டிராக்டருக்குக் காத்திருந்தேன், அவர்கள் வரும்போது ஈரமே போயிருக்கும். இந்த வருஷம் மகன் சொன்னான், நிலத்தில் முந்திரி வைத்துவிடலாம், வைத்தால் போய்ப் பார்க்கவே வேண்டாம் என்று. போய்ப் பார்க்கவே வேண்டாம் என்றால் நான் காலையில் எழுந்து எங்கே போவது?

"நானே வண்டிய சரி பண்றேன்டா" என்றேன்.

சிரித்தான். "சரிம்மா, பந்தயம். ஆடி மொத மழைக்குள்ள வண்டி நவுந்துட்டா நீ மல்லாட்ட போடு. நவுரலன்னா முந்திரிக் கன்னு. அப்புறம் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்" என்றேன்.

மறுநாளே அவனே ஒரு கேனில் டீசல் வாங்கி வந்து கொடுத்தான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையைச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு சந்தோஷம். இறுகிய இரும்பைச் சுத்தியலால் அடித்தால் முறிந்து போகும். கோழி இறகை டீசலில் நனைத்து மூட்டில் சொட்டவிட வேண்டும். சைக்கிள் கம்பியால் சாம்பலைச் சுரண்ட வேண்டும். மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டி, இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் ஆட்டி, விட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். ஆக்சிலேட்டர் நாலு நாள் எடுத்தது. கலப்பையைத் தூக்குகிற கம்பி ஆறாம் நாள் வந்தது. கியர் தடியின் அடியில் ரப்பர் கிழிந்து உள்ளே ஒரு கைப்பிடி சாம்பல் இருந்தது. அதை வழித்தெடுத்து, பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டினேன். எட்டாம் நாள் கியர் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி காலையும் மாலையும் வந்து திண்பண்டத்தோடு உட்கார்ந்து பார்ப்பாள்.

"ஆஸ்பத்திரியில நர்ஸா போயிருக்கலாம் மைனி நீங்க."

"நீ வேடிக்க பாக்குற வேலைக்குப் போயிருக்கலாம். அதுக்கும் பர்மனென்ட் உண்டு."

கிளட்ச் மட்டும் அசையவில்லை. ஒரு நூல்கூட இல்லை. அவளிடம் புலம்பினால், "விடுங்க மைனி, வயசான வண்டி" என்று வேறு பக்கம் பார்ப்பாள்.

பத்தாம் நாள் கால் வைக்கிற தகட்டை நாலு போல்ட்டையும் கழற்றி எடுத்துவிட்டேன். அடியில் கிரீஸும் மண்ணும் அப்பியிருந்தது. சுரண்டி, டீசல் துணியால் துடைத்தேன். பெடலுக்கும் சட்டத்துக்கும் நடுவில், விரல் நீளத்துக்கு, செதில் செதிலாக ஒரு கோடு. வலது பக்கம் முடிகிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு சின்ன வால்.

எனக்கு எழுத்து தெரியாது. அந்த வால் தெரியும். எங்கள் வாசல் கேட்டில் இருக்கிறது. தண்ணீர் டிரம் ஸ்டாண்டில் இருக்கிறது. நான் படுக்கிற இரும்புக் கட்டிலின் நாலு காலிலும் இருக்கிறது. என் மகன் பற்றவைத்தால் அப்படித்தான் முடிப்பான்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி முறுக்குத் தட்டோடு வந்தாள். தகடு கழன்று கிடப்பதைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"நான்தான் மைனி டார்ச் லைட் பிடிச்சேன்" என்றாள். "நீங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தீயள்ல, அப்போ. அம்மா செத்துப் போவாளேன்னு அழுதான் பிள்ள."

"அழுதான், சரி. இந்தப் பத்து நாளா முறுக்கு தின்னுகினு பாத்தியே, அது?"

தட்டை எடுக்காமலே போனாள்.

மகன் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்தான். சோறு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்வரை பொறுத்திருந்தேன்.

"ஏன்டா, டீசல் ஊத்துனா வெல்டிங் வுடுமா?"

ஈரக் கையோடு அப்படியே நின்றான்.

"நீ வுழுந்து செத்துடுவன்னு பயந்துதாம்மா…"

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேப்பியா? சண்ட போடுவ."

"போடுவேன்தான். அது வேற. பந்தயம் ஏன்டா கட்டுன? டீசல நீயே ஏன் வாங்கியாந்த?"

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான். "நாலு நாள் தட்டிப் பாத்துட்டு நீயே வுட்டுடுவன்னு நெனச்சேம்மா."

வெல்டிங்கை மன்னித்துவிடலாம், அது பயத்தில் செய்தது. இதை என்ன செய்வது? பத்து நாள் என் முதுகு வளைந்ததை வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு கம்பி அசைந்தபோதும் நான் ஓடிவந்து சொல்ல, "அட, பரவால்லியே" என்று சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் நான் மறுநாள் காலையில் எழுந்தேன்.

சாயங்காலமே அவனே கிரைண்டர் கொண்டுவந்து அறுத்தான். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது. துருவே இல்லை. அறுத்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

ஆடியில் மழைக்கு ரெண்டு நாள் முந்தியே உழுது முடித்தேன். வாய்க்கால் கரையில் மட்டும் இறங்கி, வண்டியை அவனிடம் கொடுத்தேன். என் பயமும் எனக்குத் தெரியும். அவன் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன்.

காய் நன்றாகப் பிடித்தது. முதலில் வேகவைத்ததில் ஒரு முறம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். இப்போது பழையபடி வருகிறாள், பேசுகிறாள். ஆனால் நான் வேலை செய்கிற இடத்தில் உட்காருவதில்லை.

மகனுக்கு நாற்பத்தைந்து வயது. வேகவைத்த மல்லாட்டையை இன்னமும் நான்தான் உரித்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பேன். ஊரே கேலி பண்ணும். இந்த வருஷம் தோலோடு தட்டில் கொட்டி அவன் முன்னால் வைத்தேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் ஒவ்வொன்றாக அவனே உரித்துத் தின்றான்.