மொட்டை வில்லன்

ஓடுகிற படத்தைக் கேலியாகத் திருப்பி எடுப்பதில் சந்திராவை மிஞ்ச நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஆள் கிடையாது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மந்தாரக்குப்பம் கல்யாண வீடியோக்காரன் கலியனின் கேமரா சும்மா தூங்கும். வயிறாரச் சோறு போட்டே அதை இவள் வாங்கிவிடுவாள். டேபிள் ஃபேன்தான் சூறாவளி, சாம்பிராணிதான் மலைப்பனி. கடத்தல் வைரமெல்லாம் கற்கண்டு. அடுத்த ஷூட்டிங்குக்குள் பாதியை யாராவது தின்றிருப்பார்கள்.

அந்த வருடம் எடுத்தது வெறும் கேலிக்காக அல்ல. கதாநாயகன் அவள் அண்ணன் கருப்பசாமி, வில்லன் அவள் புருஷன் அய்யாசாமி. இருவருக்கும் சுரங்கத்தில்தான் வேலை, ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. சந்திரா மகனின் காதுகுத்தன்று அண்ணனுக்கு ஷிப்டு மாற்றிவிட ஆள் வரவில்லை. நல்ல நேரம் போகிறதே என்று அய்யாசாமி பிள்ளையைத் தன் சித்தப்பா மடியில் உட்காரவைத்துவிட்டார். தாய்மாமன் வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலோடு திரும்பியவர் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அடுத்து மகளுக்குக் காது குத்தவேண்டும். மாமன் மடி இல்லாமல் எப்படி என்று சந்திராவுக்குச் சோறு இறங்கவில்லை.

சினிமா என்றால் இருவருக்கும் உயிர். முகத்தில் விழிக்கமாட்டோம் என்ற கண்டிஷனோடு நடிக்க ஒத்துக்கொண்டார்கள். ஷிப்டும் அதற்குத் தோதாக இருந்தது. ஒரு வாரம் அண்ணன் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தை அறைவார். அடுத்த வாரம் புருஷன் அதே இடத்தில் வந்து விழுவார்.

கடைசி அறையும் முடிந்தது. அதற்கு விழவேண்டிய வாரம் அய்யாசாமி மொட்டைத் தலையோடு வந்து நின்றார்.

"போன தடவ விழுந்தப்ப சுருட்டை முடி இருந்துச்சே அக்கா. இனிமே எப்பிடி எடுத்துகினு போறது?" என்றான் கலியன்.

"ஆடிக் கிருத்திகைக்கு முருகனுக்குக் குடுத்தேன்" என்றதற்குமேல் அய்யாசாமி வாயைத் திறக்கவில்லை. பட்ட பாடெல்லாம் வீண் என்று சந்திராவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆடி முடியப்போகிறது, வேறு வழியில்லை. அப்படியே எடுத்தார்கள்.

பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில் டிவி வைத்துப் படத்தைப் போட்டார்கள். மாப்பிள்ளையும் மச்சானும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கருப்பசாமி ஓங்கி ஓர் அறை விட்டார். அடுத்த நொடி வில்லன் மொட்டைத் தலையோடு மண்ணில் உருண்டான். ஒரே அறையில் அத்தனை முடியும் கொட்டிவிட்டது. பிளாக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த கருப்பசாமி, வைராக்கியத்தை மறந்து எதிர் மூலையைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"எதுக்கு மாப்ள மொட்டை?"

"நீங்க பேசணும்னு வேண்டிக்கிட்டேன் மச்சான்."

"வேண்டுனது நடந்தப்புறம்தானே முடி குடுக்கணும்?"

"நீங்க பேசுறவரைக்கும் காத்திருந்தா அது தானா கொட்டிடும். அதான் முந்திக்கிட்டேன்."

பந்தல் மறுபடி சிரித்தது. கருப்பசாமி சிரிக்கவில்லை. எழுந்து வந்து அய்யாசாமி பக்கத்தில் உட்கார்ந்தார். படம் முடிந்ததும் தங்கையைக் கூப்பிட்டார்.

"பாப்பாவுக்குக் காதுகுத்து என்னிக்குன்னு இப்பவே சொல்லிடும்மா. நான் ஷிப்டு மாத்தணும்."

சந்திராவுக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கற்கண்டு வைரங்களை அள்ளி அண்ணன் கையில் வைத்தாள்.