ரொட்டியக்காவின் மூக்கு

பயப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று அவள் புருஷனே சொல்வார். நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், இடிக்குப் பயம். இடிக்காமல் மின்னல் மட்டும் வெட்டினால் இன்னும் பயம். தபால்காரர் கையெழுத்துக் கேட்டு நின்றால்கூட யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முகம் வெளுத்துப்போகும். இப்படிப்பட்டவள், முன்பின் தெரியாத ஆட்களை வீட்டுக்குள் படுக்கவைத்துக் காலையில் சாப்பாடும் போட்டு அனுப்புகிற தொழிலுக்கு எப்படி வந்தாள் என்று தெருவில் கேட்காத ஆளில்லை.

பதினான்கு வருடம் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைத்தவள் அவள். புருஷன் டவுன் பஸ் ஓட்டினார். மகள் கல்யாணமாகி வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. மேலே தங்களுடையது போக இருந்த இரண்டு அறைகளுக்கும் கீழே இருந்த ஓர் அறைக்கும் வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வாசலில் பலகை மாட்டினார்கள். பலகையில் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்று இருந்தாலும் ஊருக்கு அது ரொட்டி வீடுதான். விடிவதற்குள் அவள் ரொட்டி சுட ஆரம்பித்துவிடுவாள். அந்த வாசனை படியேறிப் போய்த்தான் விருந்தாளிகளை எழுப்பும். அவளுக்கும் ரொட்டியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவள் மூக்கு அப்படி. பக்கத்து வீட்டுப் பால் திரியப்போவதை இங்கிருந்தே சொல்லிவிடுவாள் என்று கிண்டல் செய்வார்கள். கிண்டலில் பாதி நிஜம்.

போன குளிர்காலத்தில் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தாள். பத்தாம் நாள் எழுந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு அங்கேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் மாடியிலிருந்து ஓடிவந்து, "என்னடி, வீடே கருகுது, நீ பக்கத்துலயே நிக்கறே" என்றார். பாத்திரத்தின் அடி கரிக்கட்டையாகியிருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏதோ ஞாபகமாக இருந்துவிட்டேன் என்று சமாளித்தாள். அவர் போன பிறகு காப்பித்தூளை முகர்ந்தாள். பூண்டை நசுக்கி முகர்ந்தாள். கடைசியில் பினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். எல்லாம் ஒரே வெற்றுக் காற்று.

உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆப்பிளும் வெங்காயமும் வாய்க்குள் ஒரே மாதிரி நொறுங்கின.

யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு செத்த சமையல்காரி கையால் யார் சாப்பிடுவார்கள்? டப்பாக்களின் மேலெல்லாம் தேதி எழுதினாள். அடுப்புக்கு மேல் இரண்டு டைமர் கடிகாரம் வைத்தாள். மீன் வாங்கினால் கண்ணையும் செவுளையும் பார்த்து, போதாதென்று மீன்காரியிடம் நாலு முறை கேட்டாள். "உப்பு சரியா பாருங்க" என்று கரண்டியைப் புருஷன் வாய்க்கு நீட்டி, அவர் முகம் போகிற போக்கைப் படித்தாள். ஒரு பொய்யை மூட ஒன்பது பொய் என்பார்களே, அவளுக்குத் தினம் ஒன்பது தேவைப்பட்டது. இப்படியே பத்து மாதம் ஓடியது.

அந்த ஊரில் வருடத்துக்கு ஒருமுறை உணவும் ஒயினும் விழா நடக்கும். மூன்று நாளும் கடைத்தெரு முழுக்கப் பந்தல். தங்கும் வீடுகளில் ஏதாவது ஒன்றில் மதிய விருந்து நடத்துவார்கள். நாலு வகைச் சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒயின். விழாக் கமிட்டிச் செயலாளர் மருந்துக்கடைக்காரர். அவர் இந்த வருடம் ரொட்டி வீடு என்று முடிவு செய்து, இருபத்துநாலு பேருக்கு டிக்கெட்டும் அடித்துவிட்டார். புருஷன் சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்து சொன்னபோது ரொட்டியக்கா டப்பாக்களின் தேதியை இன்னொரு முறை சரிபார்த்தாள். முடியாது என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு ஒயின்காரர் வந்தார். கடைத்தெருவில் ஒயின் கடை வைத்திருப்பவர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், அதிகம் பேசாதவர். அவள் சமைத்ததை ஒவ்வொரு வாய் சாப்பிட்டு, பொருத்தமான பாட்டிலைத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினார். அவர் கிளாஸைச் சுழற்றினால் அவளும் சுழற்றினாள். அவர் முகர்ந்தால் அவளும் கண்ணை மூடி முகர்ந்தாள். நன்றாயிருக்கிறது என்று இரண்டு முறை சொன்னாள், தப்பித்தாள். மூன்றாவது பாட்டிலுக்கும் அப்படியே சொன்னாள். ஒயின்காரர் தன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவளையே பார்த்தார். பிறகு பாட்டில் முழுவதையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, இது சரியில்லை, வேறு கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

கண்டுபிடித்துவிட்டார். அந்த இரண்டு நாளும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கமிட்டி ஆட்கள் என்று ஜன்னலுக்கு ஓடினாள். ஆனால் யாரும் வரவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

விருந்து நாள் வந்தது. இருபத்துநாலு பேருக்கு வீட்டு அடுப்பு போதாது என்று வாடகைக்கு ஒரு பெரிய கேஸ் அடுப்பும் சிலிண்டரும் எடுத்திருந்தார்கள். அந்த வீடு சரிவில் கட்டிய வீடு. சமையலறை தெரு மட்டத்தில் இருக்கும். அதன் மூலையிலிருந்து நாலு படி இறங்கினால் கீழறை. காலையில் பெருக்குவதற்காக ரொட்டியக்கா வாடகை அடுப்பை ஒரு முழம் நகர்த்தினாள். டியூப் இழுபட்டு இணைப்புத் தளர்ந்ததை அவள் பார்க்கவில்லை. பழம் வெட்டிய சாற்றுக்குக் குளவி மொய்த்தது. அதற்காகக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு, பின்முற்றத்தில் மேசைவிரிப்புப் போடப் போனாள். புருஷன் நாற்காலி ஏற்றிவர வண்டியோடு போயிருந்தார். மாடியில் தங்கியவர்கள் பந்தலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அரைமணி கழித்து உள்ளே வந்தாள். சூப்பைச் சுடவைக்க வேண்டும். லைட்டரைக் கையில் எடுத்தாள்.

"அக்கா. அதை அழுத்தாதீங்க."

தெருக்கதவைத் திறந்துகொண்டு ஒயின்காரர் நின்றிருந்தார், கையில் பாட்டில் பெட்டியோடு. தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுவது போன்ற குரல். அவளுக்கு முதலில் வந்தது வேறு பயம். மூன்றாவது பாட்டிலைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

"சூப் சுட வைக்கணும்" என்றாள்.

"வீடு முழுக்க கேஸ். உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலை" என்றாள். பத்து மாதத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

அவர் பெட்டியை வெளியிலேயே இறக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் சிலிண்டரைத் திருகி மூடினார். அவள் கையிலிருந்த லைட்டரை விரல் விரலாகப் பிரித்து வாங்கி, அவளைத் தெருவுக்கு இழுத்து வந்தார். ஃபோன் செய்வதற்காக நாலு வீடு தள்ளிப் போனார்.

தெருவில் நின்ற பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கீழறையில் ஆள் இருக்கிறது. அங்கே தங்கிய ஜோடியில் புருஷன்காரர் பந்தலுக்குப் போயிருக்க, பெண் தலைவலி என்று படுத்துவிட்டாள். ரூமிலேயே எலக்ட்ரிக் கெட்டில் இருக்கு, எழுந்ததும் டீ போட்டுக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்தவளே இவள்தான்.

கேஸ் கனம், தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும் என்று கேன்டீனில் பாடம் எடுத்திருந்தார்கள். வீட்டில் தாழ்ந்த இடம் கீழறை.

கூப்பிட்டால் எழுந்து விளக்கைப் போட்டுவிடுவாள். இடிக்கும் மின்னலுக்கும் பயப்படுகிற அவள்தான் திரும்ப உள்ளே போனாள்.

மற்றவர்களுக்கு மூக்கு சொல்லும், இங்கே அதிகம், இங்கே குறைவு, ஓடு என்று. அவளுக்குச் சொல்ல ஆளில்லை. சமையலறைக் காற்றும் முதல் படிக் காற்றும் நாலாம் படிக் காற்றும் ஒன்றுபோலவே இருந்தன. மூச்சை இழுத்தால் உள்ளே போவது எதுவென்று தெரியவில்லை, இழுக்காமலும் முடியவில்லை. செருப்பு உரசினால் பொறி வருமோ என்று செருப்பைக் கழற்றினாள். சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினாள். வழியில் விளக்கு சுவிட்ச் கையில் தட்டுப்பட்டபோது நெருப்பைத் தொட்டது போலக் கையை எடுத்தாள்.

உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அந்தப் பெண் எழுந்துவிட்டாள். குளியலறையிலிருந்து நிறைந்த கெட்டிலோடு வந்து, "டீ போடலாம்னு பார்த்தேன். இங்க ஏதோ நாத்தம் வருதே, சாக்கடையா?" என்று கேட்டுக்கொண்டே மேசையருகே போனாள்.

ரொட்டியக்கா கெட்டிலைப் பிடுங்கினாள். தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது. அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தவள் தெருவுக்கு வரும்வரை விடவில்லை. அந்தக் கையில் நாலு விரலும் பதிந்து சிவந்திருந்தன.

தீயணைப்பு வண்டி வந்தது. கதவையெல்லாம் திறந்து, கருவி வைத்துப் பார்த்துவிட்டு வந்த பெரியவர், கீழறை தொட்டி மாதிரி நிரம்பியிருக்கிறது, ஒரு பொறி போதும் என்று அடுத்தவருக்குச் செய்தி சொல்வது போலச் சொன்னார். ரொட்டியக்கா நடைபாதை ஓரத்தில் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

நாற்காலி வண்டியோடு வந்த புருஷன் கூட்டத்தைப் பார்த்துப் பேயறைந்தவர் போல இறங்கினார். அவரிடம்தான் முதலில் சொன்னாள்.

"எனக்கு மூக்கு வேலை செய்யலைங்க. காய்ச்சல் வந்ததிலேர்ந்து."

அவர் "பத்து மாசமா தினம் தீப்பெட்டியும் கையுமா நின்னிருக்கே. நான் மேல தூங்கிட்டிருந்திருக்கேன்" என்றார். திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்கு மேல் திட்டாமல், கைக்குட்டையை எடுத்து அவளுடைய ஈரத் தோளைத் துடைத்தார்.

ஒயின்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டில் கெட்டுப்போனது, ஈரமான பழைய பேப்பர் நாற்றம் அடித்தது என்றார். "அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன். கேட்டிருக்கணும்."

கீழறைப் பெண்ணின் புருஷன் வந்து, கோபத்தோடு பெட்டியைக் கட்டினார். இருவரும் போய்விட்டார்கள். அது நியாயம் என்றுதான் அவளுக்குப் பட்டது.

விருந்தை ரத்து செய்துவிடலாம் என்றார் செயலாளர். ரொட்டி விடியற்காலையே சுட்டு ஆறியிருந்தது. பாலாடைக்கட்டி, பழம், குளிர்ந்த மீன் எல்லாம் ஐஸ் பெட்டியில் முற்றத்தில் இருந்தன. தீ மூட்டாமலே போடலாம், ஆனால் நடந்ததைச் சொல்லித்தான் போட வேண்டும் என்றாள் அவள். செயலாளரே எழுந்து நின்று, கேஸ் கசிந்ததையும் சமைத்தவருக்கு மணம் தெரியாது என்பதையும் சொன்னார். ஆறு பேர் எழுந்து போனார்கள். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். மீனை ஒயின்காரர் ஒவ்வொரு தட்டாக முகர்ந்து அனுப்பினார். ரொட்டியக்கா முற்றத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கடைசித் தட்டு எடுக்கும்வரை நின்றாள். யார் இருமினாலும் திடுக்கிட்டாள்.

அதற்குப் பிறகு டாக்டரிடம் போனாள். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். வீட்டில் கேஸை எடுத்துவிட்டு மின்சார அடுப்பு வைத்தார்கள். மூலைக்கு மூலை அலாரம் மாட்டினார்கள். வருகிற விருந்தாளிகளிடம் சாவி கொடுக்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். சிலர் சாவியை வைத்துவிட்டுப் போகிறார்கள். முக்கால்வாசிப் பேர் தங்குகிறார்கள்.

பயம் மட்டும் போகவில்லை, வளர்ந்திருக்கிறது. விடியற்காலை அவள் மாவு பிசையும்போது புருஷன் கீழே வந்து மேசை ஓரம் உட்கார்ந்துகொள்கிறார். அவள் மூக்குக்குக் காவலாம். ஐந்து நிமிடத்தில் தலை தொங்கிவிடும். குறட்டை வந்ததும் அவள் மாவுக் கையோடு தோளை உலுக்குவாள்.

"தூங்காதீங்க. மோந்து பாருங்க."

அவர் கண்ணைத் திறக்காமலே மூச்சை இழுப்பார். "ஒண்ணுமில்ல. ரொட்டிதான்."

"நல்லா பாருங்க" என்பாள்.