ஜன்னல் வெளிச்சத்தில் அக்காவின் பல்

கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து அந்த வெள்ளைத் தோல் துண்டை அக்கா எடுப்பாள். தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். வடக்கு ஜன்னலுக்குப் போய், மேலுதட்டைத் தூக்கி, முன்பல்லை ஒட்டினாற்போல் அதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். "டியூப்லைட்டுல பார்க்காதடி, அது பொய் சொல்லும். இங்க வந்து பாரு. ஓகேவா, ரிஜெக்டா?"

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நாங்கள் இருவரும் செக்கிங் மேசைக்காரிகள்; அக்கா என்பது வேலையிடத்துப் பழக்கம். வந்து இறங்கும் தோலை, வெளிநாட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு வைத்து நிறம் பார்ப்பது வேலை. ஒருத்தி பார்த்தால் போதாது. இரண்டாவது ஆள் தலையாட்டினால்தான் சரக்கு நகரும். அக்காவுக்கு இரண்டாவது ஆள் நான். பல்லுக்கும் நானே ஆனேன்.

அவள் பிறந்த ஊரில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். அங்கே யாரும் அதைக் குறையாகப் பார்த்ததில்லை. கம்பெனியில்தான் குறையாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்த ஒரு நாள், முன்வரிசைக்கு ஆள் பொறுக்கிய சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்த்து, "நீ பின்னாடி போம்மா" என்றார். அவ்வளவுதான். மறுமாதமே வேலூரில் ஒரு பல் கிளினிக்கில் வெளுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஆறு மாதம், அடடா, எப்படிச் சிரித்தாள். கேண்டீனில் சிரித்தால் தையல் மெஷின்களின் இரைச்சலைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். "இன்னாக்கா, பல்லுக்கும் எக்ஸ்போர்ட் ஆர்டரா?" என்று பெண்கள் சீண்டுவார்கள். "ஆமாண்டி, உங்க பல்லெல்லாம் லோக்கல் சரக்கு" என்பாள்.

பிறகு ஒருநாள் ஜன்னலில் பார்த்துவிட்டு விளையாட்டாகச் சொன்னேன்: "அரை ஷேடு கம்மிக்கா."

வெளுத்த பல் மெல்ல மங்கத்தான் செய்யும், அடிக்கடி வெளுக்கக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். அது அவள் காதில் ஏறவில்லை. என் அரை ஷேடு ஏறிவிட்டது. ஆன்லைனில் ஜெல் வாங்கினாள். சொன்ன நேரத்தைவிட ஜாஸ்தியாகவே வைத்திருந்தாள். கறை பிடிக்குமென்று டீயை விட்டாள், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயை விட்டாள். பயந்துபோய் நான் ஓகே சொன்ன நாட்களில், "பாவம் பார்த்து பாஸ் பண்றே" என்று இன்னொரு தடவை பூசினாள். தோலில் வெள்ளை போதாவிட்டால் மேலே இன்னொரு பூச்சு அடிப்போம். அவள் பல்லிலோ ஒவ்வொரு பூச்சுக்கும் ஏதோ கரைந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு மேசைக்காரிகளுக்கும் அது தெரியவில்லை. நிறம் பார்க்க மட்டும்தானே பழகியிருந்தோம்.

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பல் நுனிகள் சாம்பல் கண்ணாடிபோல் ஆகிவிட்டன. சோற்றை ஆறவிட்டுப் பிசைந்து ஒரு பக்கமாகவே மென்றாள். மகளின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினாள். எந்தப் படத்திலும் அவள் உதடு பிரியவில்லை. பேச்சை மாற்ற, இருபது வருஷம் ஷூ கம்பெனியில் இருந்த என் வீட்டுக்காரர் ஜோடி மாறிய செருப்போடு ஒரு விசேஷத்துக்குப் போய்வந்த கதையைச் சொன்னேன். தன்னை மறந்து, பழையபடி வாய்விட்டுச் சிரித்தாள். மின்விசிறிக் காற்று பல்லில் பட்டதும் அப்படியே சுருண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வலி இறங்கும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஃபேனை நிறுத்தட்டுமாக்கா?"

"வேணாண்டி, புழுக்கமா இருக்குது. நான் சிரிக்கறத நிறுத்திக்கறேன்."